தெரியாத நம்பர்

"தெரியாத நம்பரா? எடுக்காதீங்க" என்று டவுனில் இருப்பவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அது சரிப்படும். அவரை அழைக்க வேண்டியவர்கள் இருபது முப்பது பேர்தான். அத்தனை பேரின் பெயரும் போனில் பதிந்திருக்கும். விவசாயிக்கு அப்படி முடியுமா? நடவுக்கு ஆள் கூட்டி வரும் அம்மா இந்த மாதம் மகன் போனிலிருந்து பேசுவார், அடுத்த மாதம் பக்கத்து வீட்டு போனிலிருந்து பேசுவார். அறுவடை வண்டி ஓட்டி வருகிறவர் ஆத்தூர் பக்கத்து ஆள். போன வருடம் வந்தவர் இந்த வருடம் வரமாட்டார். வைக்கோல் கட்டு வாங்குகிறவர், உளுந்து வியாபாரி, லாரி டிரைவர், மின்வாரிய ஒயர்மேன், பயிர்க் காப்பீட்டுக்காக வயல் பார்க்க வருகிறவர், கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தர் என்று பயிருக்கும் பணத்துக்கும் சம்பந்தப்பட்ட பாதிப் பேர் தெரியாத நம்பரில்தான் பேசுவார்கள். அதனால் விவசாயி எல்லா அழைப்பையும் எடுக்கிறார். சேற்றுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வரப்பேறி வந்து எடுத்தால், "சார், உங்களுக்கு ஐந்து லட்சம் தனிநபர் கடன் அப்ரூவ் ஆகியிருக்கு" என்று ஒரு குரல்.

பாபநாசம் வட்டத்தில், குடமுருட்டிப் பாசனத்தில் நான்கு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயி இதில் நன்றாகவே அடிபட்டவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வயல் வேலை அவருடையது, வரவு செலவுக் கணக்கு மனைவியுடையது. கூட்டுறவுச் சங்கம் கொடுத்த பழைய டைரி ஒன்றில் விதை வாங்கியதிலிருந்து டீக்காசு வரை அந்த அம்மா எழுதி வைப்பார். ஒரு குறுவையில், கதிர் பால் பிடிக்கும் சமயம், வீட்டுக்காரர் போனுக்கு வரும் அழைப்புகளையும் டைரியின் பின்பக்கத்தில் குறிக்க ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் 41 அழைப்பு. உறவும் ஊரும் 12. விவசாய வேலையாக வந்தவை 9. மீதி இருபதில் கடன் 11, பயிர் டானிக் 4, ஆயுள் காப்பீடு 3, நிலத்தில் செல்போன் டவர் வைக்கிறோம் என்று 2. கவனிக்க வேண்டிய கணக்கு இன்னொன்று உண்டு. விவசாய வேலையாக வந்த ஒன்பதில் ஆறு, போனில் பெயர் பதியாத நம்பர்கள்.

அந்தக் குறுவை 110 நாள் ரகம். செப்டம்பர் கடைசியில் அறுப்புக்கு வந்துவிட்டது. வயலில் ஈரம் இருந்ததால் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும். டெல்டா முழுக்க ஒரே சமயத்தில் அறுப்பு என்றால் பெல்ட் வண்டிக்கு எவ்வளவு கிராக்கி என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். "நாளைக்கு மதியத்துக்கு மேல கூப்பிடுறேன், ரெடியா இருங்க" என்று டிரைவர் சொல்லியிருந்தார். விவசாயி விடிகாலையிலிருந்து வாய்க்கால் அடைப்பதும் வண்டி இறங்க வரப்பை வெட்டிவிடுவதுமாக இருந்துவிட்டு, சாப்பிட்டுப் படுத்தார். படுத்த அரை மணி நேரத்தில் மூன்று கடன் அழைப்பு. மூன்றாவதை எடுத்துத் திட்டிவிட்டு, போனை சைலண்டில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

டிரைவர் சொன்னபடி கூப்பிட்டார். தன் போனில் சார்ஜ் இல்லாததால் உதவியாளர் போனிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை என்றதும் பக்கத்து ஊரில் ஆறு ஏக்கர் காத்திருக்கிறது என்று வண்டியைத் திருப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல வழியில்லை. வண்டி சும்மா நின்றால் அவருக்கு நஷ்டம். அன்று ராத்திரி மழை பிடித்தது. இரண்டு நாள் விட்டுவிட்டுப் பெய்து, முற்றிய பயிர் சாய்ந்து தண்ணீரில் படுத்துவிட்டது. வண்டி நான்காம் நாள் வந்தது. நின்ற பயிரை அறுப்பதைவிட சாய்ந்த பயிரை அறுக்க நேரம் பிடிக்கும், வாடகையோ மணிக்கணக்கு. ஏக்கருக்கு ஐந்து மூட்டை குறைந்தது. வந்த நெல்லையும் கொள்முதல் நிலையத்துக்கு நேராகக் கொண்டுபோக முடியவில்லை. ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் இருந்ததால் ரோட்டில் கொட்டிக் கிளறிவிட்டுக் காவல் கிடந்தார்கள். "கடன் வேணுமான்னு கேட்டுக் கேட்டே நம்மளக் கடங்காரனா ஆக்கிட்டானுங்க" என்றார் அந்த அம்மா, நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டே.

மழைக்கு யாரையும் பொறுப்பாக்க முடியாது. ஆனால், தேவையில்லாத அழைப்பு என்பது வெறும் தொந்தரவு என்று நினைத்திருந்த குடும்பத்துக்கு, அதற்கும் மூட்டைக்கணக்கில் ஒரு விலை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்த ஆட்களுக்கு நம்பர் எங்கிருந்து போகிறது என்று அந்த அம்மா யோசித்துப் பார்த்தார். வேளாண் கண்காட்சிக்குப் போனபோது ஒரு ஸ்டாலில் குலுக்கல் பரிசு என்று சீட்டுக் கொடுத்தார்கள். பெயர், ஊர், எத்தனை ஏக்கர், என்ன பயிர், போன் நம்பர் என்று எல்லாவற்றையும் அவர் கையாலேயே எழுதிப் பெட்டியில் போட்டார். பரிசு மிக்சி வரவில்லை, டானிக் அழைப்புதான் வந்தது. டிராக்டர் ஷோரூமில் விலை விசாரித்தபோது ஒரு முறை நம்பர் கொடுத்தார்கள். பேரன் விளையாட்டுக்காக இறக்கிய செயலி ஒன்று போனில் உள்ள எல்லா நம்பரையும் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறது. பையன் "சரி" என்று அழுத்தியிருக்கிறான். ஏக்கரும் பயிரும் எழுதிக் கொடுத்த சீட்டு இதில் மோசமானது. எந்தப் பட்டத்தில், பயிரின் எந்த வயதில் அழைத்தால் வியாபாரம் ஆகும் என்பதை அது சொல்லிவிடுகிறது.

அடுத்து இதற்கு என்ன வழி என்று தேடினார்கள். கும்பகோணத்தில் படிக்கும் பேத்தி லீவுக்கு வந்தபோது உட்கார்ந்து செய்து கொடுத்தாள். விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிவு செய்யும் முறை இந்தியாவில் 2007-லேயே வந்துவிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பவை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-ல் கொண்டுவந்த விதிகள். பதிவு செய்ய 1909 என்ற எண் போதும். ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என்ற சொல்லை அடித்து, ஓர் இடம் விட்டு, பூஜ்யம் போட்டு 1909-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் எல்லா வகை விளம்பரத்துக்கும் தடை கேட்டதாக அர்த்தம். அதே எண்ணுக்குப் பேசியும் பதியலாம். வங்கி-காப்பீடு, வீடு-மனை, கல்வி, மருத்துவம் என்று வகை பிரித்து, வேண்டாததை மட்டும் நிறுத்தவும் வழி இருக்கிறது.

பெரியவருக்கு ஒரு பயம். "எல்லாத்தையும் நிறுத்திட்டா பி.எம்.கிசான் மெசேஜ் வராமப் போயிடுமா? பேங்குல பணம் ஏறுனது தெரியாமப் போயிடுமா?" என்று பேத்தியைத் தடுத்தார். இந்தப் பயத்தினாலேயே பதிவு செய்யாமல் இருக்கும் விவசாயிகள் பலர். தடை விளம்பரத்துக்கு மட்டும்தான். வங்கியில் பணம் ஏறிய செய்தி, ஓ.டி.பி., அரசுச் செய்திகள் எல்லாம் வழக்கம்போல வரும்.

முறையாகப் பதிவு செய்துகொண்டு விளம்பரம் செய்கிற நிறுவனங்களின் அழைப்பு 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்து வர வேண்டும். வங்கி, காப்பீட்டு நிறுவனம் போன்றவை தங்கள் வாடிக்கையாளருக்குச் சேவைக்காகப் பேச 1600 என்று தொடங்கும் வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. பேத்தி இதைச் சொன்னதும் பெரியவருக்குப் பாதி பாரம் குறைந்தது. திரையில் 140 தெரிந்தால் சேற்றிலிருந்து ஏறி வர வேண்டியதில்லை. வண்டி டிரைவர் யாரும் 140-ல் பேசப்போவதில்லை.

பதிவு செய்து சில நாளில் 140 அழைப்புகள் நன்றாகக் குறைந்துவிட்டன. ஆனால் டைரியைப் பார்த்தால் மொத்தத்தில் பாதிதான் குறைந்திருந்தது. மீதிப் பாதி சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து வருகிறது. இவர்கள் எங்கும் பதிவு செய்யாதவர்கள். ஒரு சிம் போனால் இன்னொரு சிம். 1909-ல் வேண்டாம் என்று சொன்னதை இவர்கள் மதிப்பதில்லை. இவர்கள் விஷயத்தில் புகார்தான் வேலை செய்யும், அதையும் உடனே செய்ய வேண்டும். முன்பு மூன்று நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. 2025 பிப்ரவரியில் டிராய் விதியைத் திருத்தி ஏழு நாள் ஆக்கியது. முன்பே 'வேண்டாம்' என்று பதிந்திருந்தால்தான் புகார் என்ற நிபந்தனையும், பதிவு செய்யாத ஆட்கள் விஷயத்தில் போய்விட்டது. பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்தாலே அந்த நம்பர் மீது நடவடிக்கை தொடங்கலாம். ஐந்து என்பது ஒரு தெருவுக்கே முடிகிற கணக்கு. ஒரே டானிக் ஆள் ஒரே வாரத்தில் ஊரில் இருக்கும் நெல்லுக்காரர் எல்லாரையும் கூப்பிடுகிறான். டீக்கடையில் அவனைத் திட்டுகிற ஐந்து பேர் ஆளுக்கொரு புகார் போட்டால் போதும். திட்டுவதோடு நிறுத்திவிடுகிறோம்.

பெயரைக் காட்டும் செயலிகளை நம்பி இருந்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது முழு வைத்தியம் ஆகாது. ஒரு நாளைக்கு ஐம்பது நூறு பேரைக் கூப்பிடுகிற வண்டி ஏஜெண்டின் நம்பரையும் அது சிவப்பாகக் காட்டக்கூடும். ஊரார் ஒருவருக்குப் பிடிக்காமல் 'ஸ்பாம்' என்று குறித்த நம்பர், இன்னொருவருக்கு அறுப்பு நடக்க வேண்டிய நம்பராக இருக்கும்.

டவர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். நிலத்தில் டவர் வைக்கிறோம், மாதம் இவ்வளவு வாடகை, இவ்வளவு லட்சம் முன்பணம், அதற்கு முன்னால் தடையில்லாச் சான்றுக்கு மட்டும் சில ஆயிரம் கட்டுங்கள் என்பார்கள். டிராய் முத்திரை போட்ட கடிதமும் வாட்ஸ்அப்பில் வரும். டவர் வைக்க டிராய் தடையில்லாச் சான்று எதுவும் கொடுப்பதில்லை, அதற்குக் கட்டணமும் வாங்குவதில்லை என்று பல முறை அறிவித்திருக்கிறார்கள். நமக்கு வாடகை தரப்போகிறவர் நம்மிடமே முதலில் பணம் கேட்பானேன்? பி.எம்.கிசான் பெயரில் வரும் ஏ.பி.கே. கோப்பும் இதே ஜாதிதான். அதைத் தொட்டு இறக்கினால் போனே அடுத்தவன் கைக்குப் போய்விடும். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930 எண்ணுக்குச் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்து வைத்தால், முடக்குவதற்குக் கணக்கில் பணம் இருக்காது.

விவசாயிக்கு உள்ளூரக் குழி பறிப்பது டானிக் அழைப்பு. கடன்காரன் குரல் அந்நியமாகத் தெரியும். டானிக்காரன் நம்மவன் மாதிரிப் பேசுவான். "ஐயா வணக்கம், வேளாண்மையிலிருந்து பேசுறோம், பயிரு எப்படி இருக்கு?" என்றுதான் தொடங்குவான். 'துறை' என்ற சொல்லை விட்டுவிடுவான், கேட்கிறவர் சேர்த்துக்கொள்வார். வேளாண்மைத் துறை போனில் மருந்து விற்பதில்லை, வீட்டுக்குப் பார்சல் அனுப்பிக் காசு வாங்குவதும் இல்லை. விரிவாக்க மையத்தில் போய் ரசீது போட்டு வாங்குவதுதான் துறையின் விற்பனை.

இந்தப் பெரியவரும் இரண்டு வருடம் முன்பு ஒரு முறை வாங்கியிருக்கிறார். நட்டு மூன்று வாரம் ஆன பயிர், இலையில் துரு மாதிரிப் பழுப்புப் புள்ளி, திட்டுத் திட்டாக வளர்ச்சி குன்றியிருந்தது. போனில் சொன்னார். "அது வேர் வேலை செய்யலைங்கய்யா, நம்ம மருந்து ஒரு லிட்டர் விட்டா தூர் பொத்துக்கிட்டு வரும்" என்று பதில் வந்தது. 1,850 ரூபாய்க்குப் பார்சல். அடித்தார்கள். அதே வாரம் மேலுரமாக யூரியாவும் விட்டார்கள். பயிர் பச்சை கட்டியது, நல்ல இடத்தில் தூரும் வந்தது. டானிக் வேலை செய்கிறது என்று பக்கத்து வயல்காரர்களிடம் சொல்லவும் சொன்னார். நெல்லுக்குத் தூர் கட்டும் பருவமே அதுதான், பச்சை கொடுத்தது யூரியா. பயிரின் 20-ஆம் நாளிலிருந்து 30-ஆம் நாளுக்குள் எதை விற்றாலும் பேர் வாங்கிவிடும். அதனால்தான் அந்தச் சமயமாகப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள். புள்ளி விழுந்து குன்றிய திட்டு மட்டும் அப்படியே கிடந்தது.

உதவி வேளாண்மை அலுவலர் வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தவர், வரப்பில் நின்று பார்த்ததுமே துத்தநாகச் சத்துப் பற்றாக்குறை என்றார். நூறு லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ துத்தநாக சல்பேட்டும் ஒரு கிலோ யூரியாவும் கலந்து தெளிக்கச் சொன்னார். அடுத்த பட்டத்தில் நடவுக்கு முன் ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து போடச் சொன்னார். செலவு பார்சல் விலையைவிடக் குறைவு. மருந்து விற்றவனுக்கு இலை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. எந்த வயலுக்கும் அந்த ஒரு பாட்டில்தான்.

போனில் வாங்குவதில் வேறொரு சங்கடமும் உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. உரம் விற்க 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அனுமதி வேண்டும். பூச்சிமருந்துக்கு 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் வேண்டும். முன்பு எதிலும் அடங்காமல் ஓடிக்கொண்டிருந்த பயிர் ஊக்கிகளையும் 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கடையில் வாங்கிய பொருள் போலி என்று சந்தேகம் வந்தால், உர ஆய்வாளர் அந்தக் கடைக்குப் போய் அதே சரக்கில் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். தரமில்லை என்றால் வழக்கு. பார்சலில் வந்த பாட்டிலுக்கு ரசீது இல்லை, கடை இல்லை, மாதிரி எடுக்க இருப்பு இல்லை. அனுப்பியவன் முகவரி என்று ஒட்டியிருப்பதைத் தேடிப் போனால் அங்கே ஜெராக்ஸ் கடை இருக்கும். ஊர்க்கடைக்காரர் சில சமயம் தேவையில்லாததைத் தலையில் கட்டுவார்தான். ஆனால் நாளைக்கும் அதே தெருவில் அவரைப் பார்த்துக் கேட்கலாம்.

போனிலேயே யோசனை கேட்க வேண்டும் என்றால் அதற்கு அரசின் உழவர் அழைப்பு மையம் இருக்கிறது. 2004-லிருந்து நடக்கிறது. எண் 1800-180-1551, கட்டணம் இல்லை, காலை ஆறு முதல் இரவு பத்து வரை, தமிழிலேயே பதில் வரும். அங்கேயும் இலையைப் பார்க்க முடியாதுதான். ஆனால் எந்த ரகம், எத்தனை நாள் பயிர், புள்ளி எந்த இலையில், தண்ணீர் எப்படி என்று திருப்பிக் கேள்வி கேட்பார்கள். விற்பதற்கு அவர்களிடம் பாட்டில் கிடையாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் போனில் வருகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் என்று இல்லை. அந்த அம்மா ஒரு நாள் கடன் விற்கும் பெண்ணிடம், "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டார். கொஞ்சம் தயங்கிவிட்டுப் பட்டுக்கோட்டைப் பக்கம் என்றாள். அப்பாவும் விவசாயம்தானாம், தென்னை, புயலில் போய்விட்டதாம். ஒரு நாளைக்கு இத்தனை பேரைக் கூப்பிட்டாக வேண்டும் என்று கணக்காம். "சரிம்மா, இங்க கடன் வேணாம், இந்த நம்பர எடுத்துட்டேன்னு எழுதிக்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்கு டைரியில் அந்த நம்பரைப் புகாருக்கு எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து அதே கம்பெனியிலிருந்து வேறொரு பையன் கூப்பிட்டபோது எழுதினார்.

இப்போது அந்த வீட்டில் சில பழக்கங்கள் வந்திருக்கின்றன. வண்டி பேசும்போதே டிரைவர் நம்பர், உதவியாளர் நம்பர், ஓனர் நம்பர் மூன்றையும் வாங்கி 'பெல்ட் வண்டி 1, 2, 3' என்று பேத்தி பதிந்து கொடுத்திருக்கிறாள். அவர்களிடம் மனைவியின் நம்பரையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த அம்மாவின் நம்பர் எந்தக் குலுக்கல் பெட்டியிலும் விழாதது. போனைச் சைலண்டில் போடாமல், பெயர் பதிந்தவர்கள் கூப்பிட்டால் மட்டும் மணி அடிக்கிற மாதிரி மதியத் தூக்கத்துக்கு அமைத்துக்கொள்ள முடியும் என்பதும் பேத்தி காட்டிக் கொடுத்ததுதான். பெரும்பாலான ஸ்மார்ட் போனில் இந்த வசதி இருக்கிறது. எழுந்ததும், தவறிய அழைப்புகளில் பத்து இலக்க நம்பர்களைப் பார்த்து அவரே திருப்பிக் கூப்பிடுகிறார்.

கண்காட்சிக்கு இந்த வருடமும் போனார்கள். குலுக்கல் சீட்டு கொடுத்தபோது பெரியவர் பெயரையும் ஊரையும் எழுதினார். போன் நம்பர் இல்லாவிட்டால் சீட்டு செல்லாது என்றான் ஸ்டாலில் இருந்த பையன். "அப்ப இருக்கட்டும் தம்பி" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

புகாருக்காகக் குறித்து வைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். நம்பரும் தேதியும் மட்டும் இருந்தால் பாதிதான். என்ன விற்றார்கள் என்று ஒரு வரி, கூப்பிட்ட நேரம், இரண்டையும் சேர்த்து எழுதி வையுங்கள். 1909-க்குப் பேசும்போது கேட்டால் தேட வேண்டியிருக்காது. டிராயின் டி.என்.டி. செயலியிலும் புகார் போடலாம். ஏழு நாள் கணக்கு அழைப்பு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப் போட்டால் கெடு போய்விடும்.